பூட்டிய வீட்டுத் தெருப் பூனைகள்: தீனி வைப்பதும் காப்பாற்றுவதும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்தப் பழைய தெருவில் நடந்தாலும், இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பெரிய வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. திருவிழா, கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கும். ஓடு சரிந்த இரண்டாங்கட்டும் விறகு கிடக்கும் பின்கட்டும் பூனை குட்டி போட வசதியான இடங்கள். ஆனால் ஒரு காலத்தில் அவற்றுக்கு மீதி போட்ட அடுப்படிகள் இன்று அணைந்துவிட்டன. அந்தப் பூனைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தீனி வைப்பதோடு நின்றுவிட்டால் வேலை பாதிதான். பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், சுமார் 2 மாதத்தில் குட்டி போட்டுவிடும். அதனால் கருத்தடை வரை போகிற எண்ணத்தோடு தொடங்குங்கள். நேரம் தவறாமல் தீனி வைத்தால்தான் பிடிப்பதும் சுலபம்.

முதலில் மனிதர்கள்

பூட்டிய வீட்டுக்குச் சாவி வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். பக்கத்து வீட்டு ஆச்சியாகவோ, வாசல் பெருக்க வரும் அக்காவாகவோ இருக்கலாம். அவரிடம் பேசாமல் எதையும் தொடங்காதீர்கள். "ஆச்சி, பின்கட்டுல பூனை குட்டி போட்டிருக்கு போல. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்தப் பூனை எப்போது குட்டி போட்டது, எது நொண்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தொல்லை என்று புலம்புபவர்களிடமும் கருத்தடை செய்யப்போவதைச் சொல்லுங்கள். பூனைகளுக்கு விஷம் வைப்பதும் அடிப்பதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் முதல் பேச்சிலேயே சட்டத்தை எடுக்க வேண்டாம்.

அப்புறம், விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் நின்று எத்தனை பூனைகள் என்று எண்ணி, போனில் படம் எடுத்து வையுங்கள். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அது அநேகமாகப் பெட்டைதான். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன வைப்பது

நம் வீட்டு மீன் குழம்புச் சோறு வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நமக்குக் குழம்பு ஏது? அவை இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

மலிவான வழி ஒன்று உண்டு. மீன் கடையில் மத்தி, கோழிக் கடையில் ஈரலும் துண்டுக் கறியும் கேட்டு வாங்குங்கள். உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, கொஞ்சமாகச் சோறு சேர்த்துப் பிசையுங்கள். மத்தியைப் பச்சையாகப் போட வேண்டாம். பி1 சத்தை அழிக்கும் நொதி அதில் இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும். பூனைக்குக் கறிதான் உணவு. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது, அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அதனால் சோறு வயிற்றை நிரப்ப மட்டும். முடிந்தால் கடையில் விற்கும் பூனைத் தீனியையும் இடையிடையே கொடுங்கள்.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். யார் வீட்டுத் திண்ணையிலும் வைக்காதீர்கள், சந்தில் நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்து இடத்தைக் கழுவிவிட்டால் எறும்பும் எலியும் வராது, அக்கம்பக்கத்தாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தண்ணீரை மட்டும் நாள் முழுக்க விட்டுவையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சாப்பாட்டைவிட அது முக்கியம்.

குட்டிகளைக் கண்டால்

உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வரவே இல்லை, குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் மட்டும் எடுங்கள். முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு இளஞ்சூடான பிறகு பூனைக்குட்டிக்கென விற்கும் பால் மாவைக் கரைத்துக் கொடுங்கள். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்தே புகட்டுங்கள். கண் திறக்காத குட்டிக்கு ராத்திரியிலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பால் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும்.

ஆபத்து நேரத்தில்

பாராசிட்டமால் மாத்திரையில் சிறு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், பூனை செத்துப்போகும். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் மருந்துகளில் சிலவும் அப்படித்தான். எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவிப் பிரியுங்கள். கிணற்றில் விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். கயிற்றில் கூடையைக் கட்டி நீர்மட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் அதுவே ஏறிக்கொள்ளும், முடியாவிட்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

பிடித்துக் கருத்தடை

முதலில் கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டுவிடுங்கள். பிடிப்பதற்குச் சில நாள் முன்பே கூண்டின் கதவைத் திறந்து கட்டி, உள்ளே தீனி வைத்துப் பழக்குங்கள். எத்தனை மணியிலிருந்து தீனி நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். பூனை உள்ளே போனதும் கதவை மூடி, கூண்டு முழுக்கத் துணி போர்த்துங்கள், இருட்டில் அடங்கிவிடும். பெட்டைகளை முதலில் கொண்டுபோங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள், மறுபடி பிடித்து அறுக்காமல் இருக்க உலகம் முழுக்க உள்ள அடையாளம் அது.

வீட்டில் காய்ந்த இடத்தில் கூண்டோடு வைத்து, தையல் சிவந்து வீங்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்று பார்த்த பிறகு, பிடித்த சந்திலேயே விடுங்கள். வேறு ஊரணிக் கரையில் விட்டால் அங்குள்ள பூனைகள் துரத்தும், பழைய இடத்தைத் தேடி ரோட்டில் அடிபடும். தீனி நேரத்தில் காது நுனி முழுதாக உள்ள புதுப் பூனை வந்தால் அதற்கும் மருத்துவரிடம் ஒரு நாள் கேட்டு வையுங்கள்.