அலாய் வீலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அளவும் அசலும் பார்த்து வாங்கும் முறை

என் மச்சினன் தர்மபுரியில் இருக்கிறான். 14 இன்ச் இரும்புச் சக்கரத்தோடு வந்த ஸ்விஃப்ட்டுக்கு 16 இன்ச் அலாய், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரம் போட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதம் ஒகேனக்கல் போய்விட்டு பென்னாகரம் வழியாகத் திரும்பும்போது, மழை அரித்த பள்ளம் ஒன்றில் முன்பக்க இடது சக்கரம் இறங்கியது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து காலையில் பார்த்தால் அந்தச் சக்கரத்தில் மட்டும் காற்று குறைந்திருக்கும். மூன்று தடவை பஞ்சர் கடைக்குப் போனான், பஞ்சர் எதுவும் இல்லை. நாலாவது தடவை நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணன் டயரைக் கழற்றிவிட்டு, வெறும் ரிம்மைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்விளிம்பில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். "டயர்ல ஒண்ணும் இல்லீங்க. வீலே உடைஞ்சிருக்கு."

ரிம்மைத் திருப்பிப் போட்டோம். பின்பக்கம் மொட்டையாக இருந்தது. அளவு இல்லை, எவ்வளவு எடை தாங்கும் என்ற எண் இல்லை, யார் செய்தார்கள் என்றும் இல்லை. "மாமா, ஒரிஜினல்னு சொல்லித்தானே குடுத்தாங்க" என்றான். முன்பக்கம் மட்டும் பார்த்து வாங்கியிருந்தான். அவனுக்கு அன்று சொன்னதை, முதன்முறை அலாய் வாங்கும் எல்லாருக்கும் புரிகிற மாதிரி வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கார் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால், கதவு சாத்தும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். உதாரணமாக 185/65 ஆர்15 88எச். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 65 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 88 என்பது எடைக் குறியீடு; ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்று பொருள். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

இதோடு உங்கள் மாடலின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனி என்ன அளவு கொடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியண்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்டுக்கு 185/65 ஆர்15 என்று வந்தது. அதாவது 15 இன்ச் வரை கம்பெனியே யோசித்து, சோதித்துக் கொடுத்த அளவு. அதற்கு மேலே போனால் அது நம் சொந்தப் பொறுப்பு.

படி 2: மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும். தரையிலிருந்து டயரின் உச்சி வரைக்குமான மொத்த உயரம் ஏறக்குறைய மாறக் கூடாது. கணக்கு சுலபம்: அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவர். அதை இரண்டால் பெருக்கி, ரிம் இன்ச்சை 25.4 ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்த விட்டம்.

165/80 ஆர்14: பக்கச்சுவர் 132 மி.மீ., மொத்தம் 619.6.
185/65 ஆர்15: பக்கச்சுவர் 120, மொத்தம் 621.5.
195/55 ஆர்16: பக்கச்சுவர் 107, மொத்தம் 620.9.

மூன்றும் இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கின்றன. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் இழுவை மாறாது. அதுவே கடையில் கையிருப்பில் இருக்கிறது என்று 195/65 ஆர்16 மாட்டினால் மொத்தம் 660 ஆகிவிடும். ஆறரை சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் 106க்கு மேல் ஓடும். டயர் உள்ளே உரசவும் செய்யும். மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பக்கச்சுவர் எண்களை மறுபடி பாருங்கள். 132, 120, 107. 17 இன்ச்சுக்குப் போய் 205/45 போட்டால் 92. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருப்பது அந்தக் காற்று நிரம்பிய சுவர்தான். அது குறையக் குறைய அடி நேரே ரிம்மில் விழும். இரும்பு ரிம் அடிபட்டால் நெளியும், தட்டி நிமிர்த்திவிடலாம். அலுமினியம் ஓரளவுக்குத்தான் நெளியும், அதற்குப் பிறகு விரியும்.

அதனால் உங்கள் ரோட்டை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கோ வேலூருக்கோ தேசிய நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவருக்கு 16 இன்ச் ஒத்துவரலாம். ஆனால் பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் லாரிகள் ஓடி உருக்குலைந்த ரோடுகளிலும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பாதையிலும், ஐப்பசி மழைக்குப் பிறகு எந்தக் கிராமத்து ரோட்டிலும் ஓட்டுகிறவர் என்றால், இந்த ரகச் சின்னக் காருக்கு 15 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். 17 வேண்டவே வேண்டாம்.

படி 3: ரிம்மின் மற்ற நாலு அளவுகள்

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது.

ரிம் அகலம்: 5.5ஜெ, 6ஜெ, 7ஜெ என்று எழுதியிருக்கும், இதுவும் இன்ச்சில்தான். 185/65 டயருக்கு 5 முதல் 6.5 இன்ச் வரையுள்ள ரிம் சரி. 7ஜெ ரிம்மில் அந்த டயரை இழுத்து மாட்டிக் கொடுப்பார்கள். பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் ரிம் விளிம்பு டயரைவிட வெளியே துருத்தி நிற்கும். முதல் பள்ளத்தில் அடி அதற்குத்தான்.

பி.சி.டி.: நட்டுத் துளைகளின் நடு வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் 4×100, அதாவது நாலு துளை, 100 மி.மீ. வட்டம். நாலு துளை என்றால் ஒரு துளையின் வெளி ஓரத்திலிருந்து எதிர்த் துளையின் உள் ஓரம் வரை அளந்தால் போதும், அதுதான் பி.சி.டி. ஐந்து துளை என்றால் எதிரெதிரே துளை வராது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுவை அளந்து 0.588 ஆல் வகுங்கள், 67.2 மி.மீ. வந்தால் 114.3. "ரெண்டு எம்.எம்.தானே, இழுத்து முடுக்கினா உக்காந்துரும்" என்று 4×98 சக்கரத்தை 4×100க்கு மாட்டச் சொன்னால், தயவு செய்து அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். நட்டு சாய்ந்து உட்காரும். பிறகு ஓட்டத்தில் தளரும்.

நடுத்துளை: பிரெஸ்ஸாவும் கிரெட்டாவும் இரண்டுமே 5×114.3 தான். ஆனால் சக்கரத்தின் நடுத்துளை உட்காரும் காரின் மேடான பகுதி, அதாவது ஹப், பிரெஸ்ஸாவில் 60.1 மி.மீ., கிரெட்டாவில் 67.1. பிரெஸ்ஸா சக்கரம் கிரெட்டா ஹப்பில் நுழையவே நுழையாது. தலைகீழாக, துளை பெரிதாக இருந்தால் நுழையும், ஆனால் நடுவில் உட்காராது. 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை தடவை பேலன்ஸிங் செய்தாலும் போகாது. அந்த இடைவெளிக்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. அலுமினியத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆஃப்செட்: இ.டி. என்று எழுதி ஓர் எண் இருக்கும். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. 6ஜெ, இ.டி.45 இருந்த இடத்தில் 7ஜெ, இ.டி.35 மாட்டினால் வெளி விளிம்பு ஏறக்குறைய 23 மி.மீ. வெளியே வரும்: அகலத்தால் 12.7, ஆஃப்செட்டால் 10. ஆள் இல்லாமல் கடை வாசலில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. குடும்பத்தோடு ஐந்து பேர், டிக்கியில் ஒரு பெட்டி மாம்பழம் என்று கிளம்பும்போது பின் டயர் ஃபெண்டரில் உரசும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

படி 4: அசலா, நகலா

"எல்லாம் ஒரே ஃபேக்டரி மாலுங்க" என்பது நீங்கள் கட்டாயம் கேட்கப்போகும் வாக்கியம். உண்மையில் கடையில் இருப்பது மூன்று வகை. கார் கம்பெனியே கொடுப்பது ஒன்று. சக்கரக் கம்பெனி சொந்த டிசைனில், சொந்தப் பெயரில் செய்வது இரண்டாவது. இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்து அச்சு எடுப்பது மூன்றாவது, அதுதான் ரெப்ளிகா.

நகலில் என்ன குறையும்? ஜப்பானின் ரேஸ் நிறுவனத்தின் டி.இ.37 என்ற ஆறு ஆரச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் வந்தது. உலகத்தில் அதிகமாகக் காப்பியடிக்கப்பட்ட சக்கரங்களில் ஒன்று. 15 இன்ச் 6ஜெ அளவில் 3.7 கிலோ மட்டுமே எடை என்பதால்தான் பெயரில் 37. அது அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்துச் செய்யும் ஃபோர்ஜிங் முறை. நகல் வருவதோ உருக்கி ஊற்றிய வார்ப்பில். அதே ஒல்லியான ஆரத்துக்கு அதே பலம் வேண்டுமென்றால் உள்ளே உலோகம் கூட வேண்டும், எடை ஏறும். எடையும் கூடாமல் விலையும் குறைவாக இருந்தால் பலம்தான் போயிருக்கும்.

வார்ப்பு என்றாலே மோசம் இல்லை. நம் கார்களில் கம்பெனி கொடுக்கும் அலாய் பெரும்பாலும் வார்ப்புதான். ஏழு சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை அழுத்தத்தில் அச்சுக்குள் ஏற்றி, பிறகு சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். இந்தப் பதம் இல்லாவிட்டால் சக்கரத்துக்கு வலு வராது. மலிவு வார்ப்பில் உள்ளே காற்றுக்குமிழிகள் தங்கிவிடும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பெயிண்ட் அடித்த பிறகு இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பின்பக்கம் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்தில் இவை இருக்க வேண்டும்: அளவு, இ.டி. எண், தயாரித்த மாதமும் வருடமும், செய்தவர் பெயர் அல்லது முத்திரை, தாங்கும் எடை. ஸ்டிக்கர் கணக்கில் வராது. இந்தியத் தரம் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 16192 என்று இருக்கும். ஜப்பான் தரம் என்றால் ஜெ.டபிள்யூ.எல்., அதோடு வி.ஐ.ஏ. அந்தச் சோதனையில் சக்கரத்தை வளைத்துச் சுழற்றுவார்கள், பாரம் ஏற்றி உருட்டுவார்கள், 13 டிகிரி சாய்த்து வைத்து மேலிருந்து கனத்தைப் போடுவார்கள். மச்சினன் சக்கரம் பென்னாகரத்தில் எழுதிய பரீட்சை அந்த மூன்றாவதுதான்.

ஜெ.டபிள்யூ.எல். எழுத்தை நகலிலும் வார்த்துவிட முடியும். எனவே அதை மட்டும் நம்பாமல், செய்தவர் பெயரும் தாங்கும் எடையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. தாங்கும் எடை, உங்கள் காரின் கனமான அச்சுக்கு (ஆக்ஸில்) மேனுவலில் சொன்ன அதிகபட்ச எடையில் பாதிக்குக் குறையக் கூடாது.

பட்ஜெட் இடித்தால் என் யோசனை இது. புதுக் கார் எடுத்தவுடன் பெரிய சக்கரம் மாட்டிக்கொண்டு, கம்பெனி அலாயைக் கழற்றி விற்கிறவர்கள் ஓசூரிலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் நிறைய உண்டு. உங்கள் மாடலின் மேல் வேரியண்ட் அலாய் செட் அப்படிக் கிடைத்தால், பளபளக்கும் புது ரெப்ளிகாவைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் நாலையும் பேலன்ஸிங் மெஷினில் சுற்றவிட்டு, உள்விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். வெல்டிங் வைத்த ரிம் வேண்டாம். சந்தேகமான இடத்தில் உள்பக்கம் சாக்பீஸ் பொடியைக் குழைத்துத் தடவிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். ஊடுருவிய விரிசல் இருந்தால் அந்தப் பொடியில் ஈரக்கோடு தெரியும். பழைய பட்டறைக்காரர்கள் முறை, இன்றைக்கும் பலிக்கிறது.

படி 5: மாட்டும் நாள்

ஹப்பில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். நட்டின் மரை இடைவெளி மாருதிக்கு 1.25 மி.மீ., ஹூண்டாய்க்கு 1.5; மாறிப்போனால் முதல் இரண்டு சுற்று போகும், அப்புறம் போல்ட்டின் மரை அழியும். நட்டின் முகம் கூம்பா உருண்டையா என்பது சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஏர் கன்னால் அடித்து முடிக்க விடாதீர்கள். கையால் குறுக்கு வரிசையில் முடுக்கி, கடைசியில் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை மறுபடி சரிபார்க்க வேண்டும். தொப்பூர் இறக்கம் மாதிரி பிரேக் காய்ந்து சூடேறும் பாதையில் போவதாக இருந்தால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அலாய் செட்டைக் கூடுதல் பொருளாகப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் கடைசியில் 15 இன்ச் கம்பெனி அலாய், 185/65 டயர் என்று மாறிக்கொண்டான். ஸ்டெப்னி பழைய 14 இன்ச் இரும்புச் சக்கரம்தான். மொத்த விட்டம் ஒத்துப்போவதால் பஞ்சர் கடை வரை ஓட்டப் போதும். பழைய நட்டுகள் நாலையும் ஒரு துணியில் முடிந்து, ஜாக்கியோடு டிக்கியில் வைத்திருக்கிறான்.