இரண்டு போட்டு, மூன்று நாள் பாடு: அரேக்களை ஒப்பிடுவது எப்படி?

தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்கிற கணினி மொழி சொல்லித் தருகிறேன். அரே, அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் பட்டியல், என்றதும் முழிக்கிற பிள்ளைகள், மீன்பாடு என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் கணக்கை நம் கடலிலிருந்தே எடுப்போம்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் (நாங்கள் போட்டு என்போம்) கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அண்ணன் போட்டுக்கும் தம்பி போட்டுக்கும் அந்த மூன்று நாளில் கிடைத்த இறால், கிலோவில்:

அண்ணன் = [40, 25, 60]
தம்பி = [35, 25, 90]

பைத்தான் 3-இல் மாறிக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்துக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். சதுர அடைப்புக்குள் இருப்பதை அங்கே லிஸ்ட் என்பார்கள். இந்தக் கணக்குக்கு அரே என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் யாருக்குப் பாடு அதிகமோ அவருக்கு 1 புள்ளி. சமம் என்றால் இருவருக்கும் இல்லை. ஆளுக்கு எத்தனை புள்ளி?

முதல் படி, தாளில் போட்டுப் பாருங்கள். திங்கள் அண்ணனுக்கு, புதன் சமம், சனி தம்பிக்கு. ஆளுக்கு 1. இந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணினிப் பக்கம் போக வேண்டும்.

ஒரு மாணவி தாளைத் தொடாமல் "அண்ணன் > தம்பி" என்று ஒரே வரி எழுதினாள். "ட்ரூ வருதுக்கா, அண்ணன் ஜெயிச்சாச்சு" என்றாள். ட்ரூ என்றால் 'உண்மை'. இப்படி நேரடியாகக் கேட்டால் பைத்தான் முதல் இடத்திலிருந்து பார்த்து வரும். எண்கள் வேறுபடும் முதல் இடத்திலேயே முடிவு சொல்லிவிடும். 40, 35-ஐவிடப் பெரியது, அவ்வளவுதான். சனிக்கிழமையின் 90 கிலோவை எட்டிக்கூடப் பார்க்காது. பக்கத்தில் இருந்த பையன் மொத்தத்தைக் கூட்டினான்: 125, 150. அவன் கணக்கில் தம்பிக்கு வெற்றி. அதே எண்கள்தான், வழிக்கு ஒரு விடை! கேள்வி நாளுக்கு நாள் ஒப்பிடச் சொல்கிறது. அதைத்தான் எழுத வேண்டும்.

சரி, அடுத்த படி. தமிழில் எழுதிக்கொள்வோம்:

அண்ணன்_புள்ளி = 0, தம்பி_புள்ளி = 0
நாள் 0, 1, 2 ஒவ்வொன்றுக்கும்:
    அண்ணன்[நாள்] > தம்பி[நாள்] என்றால் அண்ணன்_புள்ளியில் 1 கூட்டு
    அண்ணன்[நாள்] < தம்பி[நாள்] என்றால் தம்பி_புள்ளியில் 1 கூட்டு

இடங்களின் எண் 0-இல் தொடங்குகிறது. திங்கள் 0, சனி 2. மூன்று நாள்தானே என்று 3 வரை ஓட்டினால் இல்லாத இடத்தைத் தேடிப் போய்ப் பிழை வரும்.

இரண்டாவது நிபந்தனைக்குப் பதில் வெறும் "எல்ஸ்" (இல்லையென்றால்) போட்டால் புதன்கிழமைச் சமநிலையும் தம்பிக்கே போய், விடை 1, 2 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் தாளில் போட்ட விடை முக்கியம்.

இரண்டு அரேயும் ஒன்றுதானா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் பைத்தானில் == போதும். ஜாவா என்கிற இன்னொரு கணினி மொழியில் அதே குறி, இரண்டு பெயரும் நினைவகத்தில் ஒரே அரேயைக் காட்டுகிறதா என்றுதான் பார்க்கும். உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்காது.

அப்புறம், தம்பி போட்டு எஞ்சின் பழுதாகிச் சனிக்கிழமை கரையிலேயே நின்றால்? அந்த இடத்தில் 0 போடத் தோன்றும். ஆனால் 0 என்றால் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதாக அர்த்தம். இடத்தையே விட்டுவிட்டால் தம்பி அரேயில் ஓர் எண் குறையும். அதனால் முதலில் இரண்டு அரேயின் நீளமும் சமமா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்மாட்டியிடம் (போட்டின் சொந்தக்காரர்) கேட்டுவிட்டு எழுதுங்கள்.