பள்ளம் அடியைத் தொடவில்லையா? உடனே வாயு குறைவு என்று எழுதிவிடாதீர்கள்

ஒவ்வொரு கோடையிலும் பெங்களூரு கோரமங்கலாவில் இருக்கும் எங்கள் வானியற்பியல் நிறுவனத்துக்கு ப்ராஜெக்ட் செய்ய மாணவர்கள் வருகிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் காஸ் (COS) கருவி எடுத்த புறஊதா நிறமாலையைக் கையில் கொடுத்தால், எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. அலகு மாற்றுவதில் வரும் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும்.

இரட்டைக் கோட்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். செயல்படும் கேலக்ஸியின் மையத்திலிருந்து நம் பக்கம் வீசும் வாயு, பின்னால் இருக்கும் ஒளியை உறிஞ்சி நிறமாலையில் பள்ளம் போடும். போன வருடம் ஒரு மாணவி, "அக்கா, சி-ஃபோர் ஃபிட் சூப்பரா வந்திருக்கு" என்று ஓடி வந்தாள். சி-ஃபோர் என்பது மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன். 1548 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருக்கும் கோட்டின் அடியில் 40 சதவீத ஒளி மிச்சம். அதை வைத்து ஒளியியல் ஆழம் (வாயு எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்ற அளவு) 0.9 என்று எழுதியிருந்தாள். இதே கார்பன் போடும் இரட்டையின் இன்னொரு கோடு, பக்கத்திலேயே இருந்த 1551-ஐப் பார்க்கவில்லை.

1548 கோடு 1551-ஐவிட இரு மடங்கு வலுவானது. அவள் கணக்கு சரியென்றால் 1551-இல் 63 சதவீதம் மிஞ்ச வேண்டும். அங்கேயும் 40தான். அதாவது வாயு ஒளிமூலத்தில் 60 சதவீதத்தை மட்டும் மறைக்கிறது. மறைத்த இடத்தில் ஒளி துளிகூட வரவில்லை. ஜன்னலில் பாதி இழுத்துவிட்ட கனமான திரை மாதிரி. அறையில் வெளிச்சம் இருக்கிறது என்பதற்காகத் திரை மெல்லியது என்று சொல்ல முடியுமா?

அந்த 0.9 வெறும் கீழ்வரம்பு. உண்மை பத்து மடங்காகவும் இருக்கலாம். வாயுவின் நிறை, ஆற்றல் எல்லாம் அதோடு சேர்ந்தே குறைந்துவிடும். இந்தக் காற்று கேலக்ஸியில் விண்மீன் பிறப்பைத் தடுக்குமா என்று பார்க்க, காற்றின் திறன் எடிங்டன் ஒளிர்வில் (மையக் கருந்துளை தன் நிறைக்கு ஏற்ப எட்டக்கூடிய உச்ச ஒளிர்வு) 0.5 முதல் 5 சதவீதம் என்ற அளவுகோலைத்தான் பெரும்பாலும் வைக்கிறோம். பத்து மடங்கு பிசகினால் விடையே தலைகீழ்.

பள்ளம் வேகக் கணக்கில் நொடிக்கு 500 கி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் சி-ஃபோரின் இரு கோடுகளும் கலந்துவிடும். அப்போது என்-ஃபைவுக்கு (நான்கு எலக்ட்ரான் இழந்த நைட்ரஜன்) போங்கள். அதன் இரு கோடுகளின் இடைவெளி நொடிக்கு சுமார் 960 கி.மீ.

நம் பால்வீதியின் கோடுகள்

ரெட்ஷிஃப்ட் (ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு) 0.08 உள்ள கேலக்ஸியில் என்-ஃபைவ் 1338 ஆங்ஸ்ட்ராமில் விழும். நம் பால்வீதியின் சி-டூ (ஒரு எலக்ட்ரான் இழந்த கார்பன்) 1334.5-இல் இருக்கிறது. கவனிக்காவிட்டால் அது நொடிக்கு 760 கி.மீ. வேகக் காற்றாகத் தெரியும். என்-ஃபைவ் இரட்டையின் துணைக்கோடும் அதே வேகத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

1215.7-இல் கூரான உமிழ்வு

பூமியைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனின் ஒளி. ஃபிட்டிலிருந்து நீக்குங்கள்.

ரெட்ஷிஃப்ட்

சி-ஃபோர் உமிழ்விலிருந்து எடுக்காதீர்கள். அதுவே பல சமயம் நீலப்பக்கம் நகர்ந்திருக்கும்.

தூரம்

வாயு மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை, கிளர்நிலைக் கோடுகள் (ஆற்றல் ஏறிய நிலையில் இருக்கும் அயனிகள் போடுபவை) கிடைத்து, வாயுவின் அடர்த்தி தெரிந்த பிறகு எழுதுங்கள்.