மேல் கடைவாய்ப் பல்லும் உங்கள் கழுத்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டில், நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்சும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறது. "நிமிர்ந்து உட்கார்" என்பதை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், அதை விடுவோம்.

வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியை விட்டுக் கழுத்தை நீட்டுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மேல் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மாணவர் 9 மணிப் பக்கம் (நோயாளியின் தலையைச் சுற்றிக் கடிகாரம், உச்சந்தலைப் பக்கம் 12 என்று வைத்தால், அவரது வலப்பக்கம்) உட்கார்ந்து, நோயாளியின் மார்புக்கு மேல் தலையைக் கொண்டுபோய், கழுத்தைத் திருகி நேராகப் பார்க்கிறார். மவுத் மிரர் என்ற அந்தக் கண்ணாடி கன்னத்தை ஒதுக்க மட்டும்! தலை சுமார் 5 கிலோ. 20 டிகிரிக்கு மேல் குனிந்து அரைமணி நேரம் அசையாமலிருந்தால் கழுத்துத் தசையில் ரத்த ஓட்டம் குறைந்து அது இறுகிவிடும். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஆவதற்குள் தோள்பட்டை வலி நிலைத்துவிடுகிறது.

கண்ணாடியை வெறுக்கக் காரணம் இரண்டு. மூச்சுப்பட்டு ஆவி படிகிறது: கன்னத்தின் உட்புறத்தில் ஒருமுறை தேய்த்தால் கண்ணாடி சூடாகித் தெளியும். பிம்பத்தைப் பார்த்துக் கை தப்பான பக்கம் போகிறது: பேண்டம் ஹெட்டில் (பயிற்சிக்கான பொம்மைத் தலையில்) மேல்வரிசையைக் கண்ணாடி வழியாக மட்டுமே வெட்டிப் பழகுங்கள்.

முதலில் உங்கள் ஸ்டூலைச் சரிசெய்யுங்கள். பாதம் முழுதும் தரையில், தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிவாக. அப்புறம்தான் நோயாளி: படுக்கவைத்து, வாய் உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றுங்கள், மோவாயை உயர்த்தச் சொல்லுங்கள். 11 அல்லது 12 மணிக்கு நகருங்கள். கண்ணுக்கும் பல்லுக்கும் 35 முதல் 40 செ.மீ.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஓ.பி.யில் வயதானவர்களைத் தலை திருப்பச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "பாட்டி, என் பக்கம் கொஞ்சம் திரும்புங்க" என்று கேளுங்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்தவரென்றால், மலையாளத்தில், "அம்மே, தல குறச்சு இங்ஙோட்டு திரிக்கணே." தாராளமாகத் திருப்புவார்கள். மூச்சுத்திணறல் உள்ளவரையும் நிறைமாத கர்ப்பிணியையும் மட்டும் மல்லாத்த வேண்டாம்; நாற்காலியை நிமிர்த்தி, நின்றபடி, சிறுசிறு சிட்டிங்காக முடியுங்கள்.

மழுங்கிய ஸ்கேலர் (பல்காரை சுரண்டும் கருவி)

முனை மழுங்கினால் காரை பெயராது, பிடி இறுகும், பெருவிரல் அடியும் மணிக்கட்டும் வலிக்கும். தொடங்குமுன் தீட்டுங்கள். மோதிரவிரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றி, கருவியை லேசாகப் பிடியுங்கள். ஒல்லியான கைப்பிடியைவிடப் பருமனானது நல்லது.

இறுக்கமான கையுறை

ஒரு சைஸ் பெரிதாகக் கேளுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓ.பி.க்கு ஓடுவது

விரல் மரத்தாலோ, இரவில் கை வலித்து விழிப்பு வந்தாலோ, முடிக்க வேண்டிய கேஸ் கோட்டா முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.