ரத்தத்தில் தெரியும் மாற்றமெல்லாம் ரசாயனத்தின் வேலை இல்லை

ரசாயனம் மனிதர்களின் மரபணுக்களில் என்ன செய்கிறது என்று ஆராய வருகிற பலர், பணத்தையெல்லாம் சீக்வென்சிங்கில், அதாவது மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சோதனையில், கொட்டிவிட்டு, யார் உடம்புக்குள் எவ்வளவு போனது என்பதை ஒரு கேள்வித்தாளோடு முடித்துக்கொள்கிறார்கள். முதல் தவறு இதுதான், பிறகு எந்தப் புள்ளியியலாலும் சரிசெய்ய முடியாத தவறும் இதுதான். வங்கதேசத்தில் 2000இல் தொடங்கிய ஆர்செனிக் ஆய்வில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரையும் அளந்தார்கள், குடித்தவர்களின் சிறுநீரையும் அளந்தார்கள். ஆனால் சிறுநீர் கடைசி சில நாள் கதையைத்தான் சொல்லும். அதிலும் மொத்த ஆர்செனிக்கை மட்டும் பார்த்தால், முந்தின நாள் சாப்பிட்ட கடல் மீனில் இருந்து வந்த, பெரிய கெடுதல் செய்யாத வகையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடுத்தது ரத்தம். ரத்தம் பல வகை செல்களின் கலவை, ஒவ்வொரு வகையிலும் வேறு வேறு மரபணுக்கள் இயங்கும். சீனாவின் தியான்ஜின் காலணித் தொழிற்சாலைகளில் பென்சீன் கலந்த காற்றைச் சுவாசித்தவர்களுக்கு, அளவு 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தபோதும் வெள்ளையணுக்கள் குறைந்திருந்ததை 2004இல் காட்டினார்கள். அப்படியானால் ரத்தத்தில் ஒரு மரபணுவின் இயக்கம் குறைந்ததாகத் தெரிந்தால், அந்த மரபணு அடங்கிப்போனதா, அது இயங்கும் செல்களே குறைந்துபோனதா? செல் விகிதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம், சரி, ஆனால் இங்கே செல் குறைவதே பென்சீனின் வேலை என்பதால், கழிக்கும்போது நாம் தேடி வந்த பாதிப்பில் ஒரு பங்கும் சேர்ந்து போய்விடும். கழித்தும் கழிக்காமலும் இரண்டு முடிவையும் வெளியிடுங்கள், ஒன்றை மட்டும் காட்டுவது வாசிப்பவரை ஏமாற்றுவது.

அப்புறம், தொழிலாளர்களின் மாதிரிகளை ஒரு சோதனைத் தட்டிலும் (பல மாதிரிகளை ஒன்றாக வைத்துச் சோதிக்கும் தட்டு) ஒப்பீட்டுக் குழுவை இன்னொரு தட்டிலும் ஓட்டாதீர்கள். தட்டுக்குத் தட்டு வருகிற வித்தியாசம் அச்சு அசலாக ரசாயனத்தின் விளைவு மாதிரியே தெரியும், பிரித்தெடுக்க வழியே இருக்காது. புகைப்பழக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள், அது டிஎன்ஏ மெத்திலேற்றத்தில் (மரபணுவின் இயக்கத்தை மாற்றக்கூடிய, டிஎன்ஏ மேல் ஒட்டும் வேதிக் குறிகளில்) விடுகிற தடம் அவ்வளவு பலமானது. டிஎன்ஏவில் இப்படிக் குறி ஒட்டும் 4.5 லட்சம் இடங்களைச் சோதித்துவிட்டு பி மதிப்பு 0.05 போதும், அதாவது வெறும் தற்செயலாலேயே நூற்றில் ஐந்து முறை இப்படித் தெரிந்தாலும் பரவாயில்லை என்றால், ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட 22,500 'கண்டுபிடிப்புகள்' கிடைக்கும்.

சராசரியோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. உடம்புக்குள் ஆர்செனிக்கை மாற்றி வெளியேற்ற உதவும் ஏஎஸ்3எம்டி மரபணுவை ஒட்டிய வேறுபாடுகளால் ஒரே ஆர்செனிக் தண்ணீரைக் குடித்தவர்களுக்குள்ளேயே தோல் புண் வரும் வாய்ப்பு மாறுவதை 2012இல் வங்கதேசத்தில் கண்டார்கள். அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக ஆர்செனிக் தண்ணீர் குடித்தவர்களிடம், அதைச் சமாளிக்க உதவும் இந்த மரபணுவின் வடிவம் அதிகமாகப் பரவியிருக்கிறது. அங்கே எடுத்த பாதிப்புக் கணக்கை அப்படியே டாக்காவுக்குக் கொண்டுவந்தால் ஆபத்து குறைவாகத் தெரியும், கிணற்றை மூடவேண்டிய இடத்தில் மூடாமல் விட்டுவிடுவார்கள்.