டைனோ தாளை மட்டும் பார்க்காதீர்கள்: டர்போ கார் ட்யூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீமேப் செய்த (இன்ஜினை இயக்கும் மென்பொருளை மாற்றிய) காரை டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவியில்) ஏற்றியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: உச்ச ஹார்ஸ்பவர் எத்தனை? அந்த எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு. இன்ஜின் சுகமாக இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இன்ஜினின் கணினியான இ.சி.யு.விலிருந்து எடுத்த அளவுகளின் பதிவு, அதாவது லாக்தான் சொல்லும்.

நண்பர் ஒருவரின் போலோ 1.0 டி.எஸ்.ஐ. கம்பெனிக் கணக்கில் 110 ஹார்ஸ்பவர். ரீமேப் முடிந்து டைனோவில் முதல் ஓட்டத்தில் பவர் வளைகோடு அருமையாக ஏறியது. மூன்றாவது ஓட்டத்தில் பவர் இறங்கியது. "சூடாயிடுச்சு சார், அவ்வளவுதான்" என்றார்கள். லாக்கைத் திறந்தோம். உள்ளே போகும் காற்றின் வெப்பம் முதல் ஓட்டத்தில் 41 டிகிரி, மூன்றாவதில் 63. இரண்டாவது சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) இ.சி.யு. 5 டிகிரி பின்னுக்கு இழுத்திருந்தது. நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடிப்பது! காதுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூன்று சிலிண்டரின் சராசரியை மட்டும் பதிவு செய்திருந்தால் அது கண்ணிலும் பட்டிருக்காது. அதனால் நாக் அளவைச் சிலிண்டர் வாரியாகப் பதியுங்கள்.

அந்த இன்ஜினில், டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலரைத் தண்ணீர்தான் குளிர்விக்கிறது. தண்ணீர் ஒருமுறை சூடேறிவிட்டால் சட்டென்று இறங்காது. டைனோ முன்னால் வைக்கும் மின்விசிறி, நெடுஞ்சாலையில் அடிக்கும் காற்றுக்கு ஈடாகாது. அதற்காகப் பானெட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் ஆறவிட்டு ஒரே ஒரு ஓட்டம் ஓட்டி, நல்ல எண்ணை வாங்கிக்கொள்வதும் ஏமாற்றுதான். சம இடைவெளி விட்டு நாலைந்து ஓட்டம் ஓட்டிக் கடைசி லாக்கைப் பாருங்கள்.

ரீமேப்புக்கு முன், பின் என்று ஒப்பிடுகிறீர்களா? அதே டைனோ, அதே கியர், அதே டயர் காற்று, அதே பெட்ரோல். இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு செல்லாது.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று, காற்றழுத்தத்துக்கேற்ப டைனோ எண்ணைத் திருத்தும் கரெக்‌ஷன் ஃபேக்டர். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் டைனோ மென்பொருள் சுமார் 10 சதவீதம் கூட்டிக் காட்டும். டர்போ இல்லாத காருக்கு அது நியாயம். ஆனால் இன்றைய டர்போ காரில் இ.சி.யு. டர்போவைக் கூடுதலாகச் சுழலவைத்து, குறையும் அழுத்தத்தைப் பெரும்பாலும் தானே ஈடுகட்டிவிடுகிறது. அதன்மேல் டைனோவும் கூட்டினால், காரில் இல்லாத பவர் தாளில் வந்துவிடும். திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

லாக் எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஓ.பி.டி. (காரின் பரிசோதனை இணைப்பு) வழியாக முப்பது அளவுகளை ஒரே நேரத்தில் கேட்டால், ஒவ்வொன்றும் எப்போதாவதுதான் பதிவாகும். கண் இமைக்கும் நேரத்து நாக் நழுவிவிடும். இ.சி.யு. கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட், டைமிங், நாக், காற்று வெப்பம், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சரிவிகிதத்தால் வகுத்த எண்), எரிபொருள் அழுத்தம், த்ராட்டில் (காற்று வால்வின் திறப்பு). இவை போதும். பூஸ்ட் கோடு உச்சியில் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் தட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 2.5 பார் வரை மட்டுமே அளக்கும் சென்சார், அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் 2.5 என்றே காட்டும்.

காற்று-பெட்ரோல் விகிதத்தை லாம்ப்டாவிலேயே பேசுங்கள். சுத்தமான பெட்ரோலுக்குச் சரிவிகிதம் 14.7, இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்குச் சுமார் 13.5. ஒருவர் 14.7 கணக்கில் "12" என்றால் லாம்ப்டா 0.82. மற்றவர் அதே 12ஐ 13.5 கணக்கில் எடுத்துக்கொண்டால் 0.89. முழு பூஸ்டில் பிஸ்டனைப் பதம் பார்க்க இந்த வித்தியாசமே போதும்.

சரி, நண்பரின் கார் என்ன ஆயிற்று? நடு ஆர்.பி.எம்.மில் பூஸ்டைக் கொஞ்சம் குறைத்து, டைமிங்கையும் தளர்த்தினோம். உச்ச எண் 6 ஹார்ஸ்பவர் குறைந்தது. ஐந்தாவது ஓட்டமும் முதல் ஓட்டத்தின் கோட்டின்மேலேயே போய் உட்கார்ந்தது. அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே போனோம். இரண்டாவது சிலிண்டரின் நாக் கட்டத்தில் கடைசிவரை பூஜ்யம்தான்.