ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சோலார், வெள்ளைப் பெயிண்ட்: கைவைப்பதற்கு முன்

3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, வெயிலும் வருடா வருடம் ஏறுகிறது, அதனால் ஷீட் போட்ட வீட்டுக்காரர்களும் இப்போது பேனல், வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயிண்ட், புதுக் கூரை என்று விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வேலைக்கு முதலில் கூரை மேல் ஏறுகிறவர் ஒரு வெல்டரும் அவருடைய கையாளும். அந்தப் பழைய ஷீட்டில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறது. டிரில் போட்டாலோ கட்டிங் மெஷினில் அறுத்தாலோ அந்த நார் கண்ணுக்குத் தெரியாத தூசாகி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்) எல்லாம் 20, 30 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும், அதற்குள் எந்த வீட்டு வேலையில் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லை என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஷீட்டில் கல்நார் இருக்கிறதா என்று பார்வையால் சொல்ல முடியாது. பழைய சாம்பல் நிற சிமெண்ட் ஷீட் என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட் விரிசல் இல்லாமல் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. பேனலுக்குச் சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ தனியாக இரும்புக் கால் நிறுத்தச் சொல்லுங்கள், ஷீட்டில் ஓட்டை வேண்டாம். வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ பிரஷர் வாட்டரால் அடிக்கவோ கூடாது, பலர் தவறு செய்யும் இடம் இதுதான். நனைத்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், பூச்சி மருந்து அடிக்கிற ஸ்பிரேயரில் (புதிதாக வாங்கியதில்) தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, இரண்டு பக்கமும் நன்றாக நனைத்துவிட்டு ஆரம்பியுங்கள், வேலை முடியும் வரை காயவிடாதீர்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டை (கொக்கி போல்ட்) போல்ட் கட்டரால் வெட்டுங்கள், கட்டிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும், மேலிருந்து வீசக் கூடாது. பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காமல் உடைந்து, உள்ளே விழுந்து இறந்தவர்கள் உண்டு, அதனால் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

மாஸ்க் விஷயத்தில் துண்டும் சர்ஜிகல் மாஸ்க்கும் பயன்படாது. நுண்ணிய தூசியைத் தடுக்கும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், தாடி இருந்தால் அதுவும் முகத்தில் ஒட்டாது. வெயிலில் மாஸ்க்கோடு நிற்க முடியாமல் கழற்றிவிடுவார்கள் என்பதால் விடிகாலையில் தொடங்குங்கள். அப்புறம் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள், பழையதை நீங்களே கொடுத்து, முடிந்ததும் கழிவோடு கட்டிவிடுங்கள். கணவரின் வேலைத் துணியைத் துவைத்தே நோய் வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள்.

உடைந்த துண்டுகளைப் பள்ளம் மேவப் போடுவது நம் ஊர் வழக்கம். அதைச் செய்யாமல் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, எங்கே ஒப்படைப்பது என்று மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவுகளுக்கென்றே ஒரு குப்பைமேடு இருக்கிறது.

இப்படிச் செய்தால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். மொத்தக் காண்ட்ராக்ட்டாகப் பேசினால் அவசரத்தில் உடைத்துத்தான் தள்ளுவார்கள், அதனால் பிரிக்கிற வேலைக்கு மட்டுமாவது நாள் கூலி பேசி, அந்த இரண்டாவது நாளையும் எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுங்கள்.